தூண்டில் முள்ளும் விமானமும்

எனக்குப் பத்து வயதாயிருந்தபோது மீன் பிடிக்கப் பயணமே தேவைப்படவில்லை. ஒரகடத்தை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் களத்துமேடு. அதைத் தாண்டினால் ஏரிக்கரை. மூங்கில் புதரில் வெட்டிய கழி, ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் வாங்கிய நரம்பும் முள்ளும், மயிலிறகுக் காம்பில் தக்கை, எருக்குழியில் தோண்டிய மண்புழு. இவ்வளவுதான் சாமான். மதகோரம் உட்கார்ந்தால் கெண்டையும் கெளுத்தியும் விழும். சித்திரையில் தண்ணீர் வற்றும்போது விரால் அகப்படும். அம்மா புளியைக் கரைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

பிறகு எங்கள் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010-ல் ஒரகடத்துக்கு ரெனோ-நிஸான் வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரி. என் மகனுக்கும் இங்கேதான் வேலை கிடைத்தது. அந்தச் சோற்றை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் ஏரியின் வரத்துக்கால்வாய் தூர்ந்துபோயிற்று. ஏரியில் இப்போது ஆகாயத்தாமரைதான் மிதக்கிறது.

போன வருஷம் மகன் அந்தமானுக்கு டிக்கெட் போட்டான். "உங்களுக்கு மீன் பிடிக்கணும்னு ஆசை இருக்குல்லப்பா, வாங்க" என்றான். கழற்றி மாட்டும் தூண்டில் கழியைப் பிவிசி குழாயில் செருகி, இருபுறமும் மூடி போட்டு, விமான நிலையக் கவுண்டரில் பெரிய பெட்டிகளோடு அனுப்பினோம். முள் டப்பாவை மட்டும் மறதியாகக் கைப்பையில் வைத்திருந்தேன். மீனம்பாக்கத்தில் எக்ஸ்ரே திரையைப் பார்த்த பெண் காவலர், "கூர்மையான பொருள் உள்ளே கொண்டுபோகக் கூடாது சார்" என்றார். நியாயம்தான். டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு ஏறினேன். தூண்டிலோடு பறக்கப்போகிறவர்கள் முள், கத்தி, ஈயக்குண்டு எல்லாவற்றையும் முதலிலேயே பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடல்மேல் பறந்து போய், படகில் ஏறி, பெரிய பாரை மீன் ஒன்றை இழுத்தேன். கை நடுங்கியது. படகுக்காரர் முள்ளைப் பக்குவமாகக் கழற்றி மீனைக் கடலிலேயே விட்டார். அது நீந்திப் போனதைப் பார்க்க மனசு நிறைந்தது. கூடவே எங்கள் மதகும் நினைவுக்கு வந்தது.

எங்களுக்குச் சற்றுத் தொலைவில் பரந்தூரில் புதிய விமான நிலையம் வரும் என்று 2022-ல் அறிவித்தார்கள். பல ஊர்களின் நிலம் அதற்குள் வருகிறது. அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்து மக்கள் அன்று முதல் போராடுகிறார்கள். பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பி ஸ்ரீபெரும்புதூர் ஏரிவரை கொண்டுவரும் கம்பன் கால்வாயும் அந்த வழியாகத்தான் வருகிறது. அது அறுந்தால் கீழேயுள்ள ஏரிகள் எதைக் குடிக்கும்?

விமானம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை, நானும் ஏறியவன். கேட்பது ஒன்றுதான். இருக்கிற ஏரிகளைத் தூர்வாருங்கள், வரத்துக்கால்வாய்களைத் திறந்து விடுங்கள். என் பேரன் மூங்கில் கழியோடு நடந்தே போய் ஒரு கெண்டையாவது பிடிக்கட்டும்.