கொசு அவர்களைப் பணி நிரந்தரம் செய்யக் கோரி

பெறுநர்: குடியிருப்பு வாரிய உதவிப் பொறியாளர், உள்ளாட்சி சுகாதார ஆய்வாளர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர்

பெருமதிப்பிற்குரியவர்களே,

நீங்கள் மூவரும் ஒரே காகிதத்தில் சந்தித்துக்கொள்வது இதுவே முதல் முறை என்பதால் வணக்கமும் மூன்று.

சென்ற செவ்வாயன்று கொசு ஒழிப்புப் பணியாளர் எங்கள் டிரம்முக்குள் டார்ச் அடித்து, நெளிந்த புழுக்களை அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் காட்டிவிட்டு, 500 ரூபாய் அபராதம் எழுதிக் கொடுத்தார். போகும்போது ‘கொசு உற்பத்தி இடம்’ என்று வாசலில் சாக்பீஸால் எழுதியும் வைத்தார். என் பெயர்ப்பலகைக்காக நான் விட்டுவைத்திருந்த இடம் அது.

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது, பிடித்து வைக்காமல் முடியாது. வருவதும் மூடியில்லாத மொட்டைமாடித் தொட்டியிலிருந்து, புழுவோடு. மாடிக் கதவில் பூட்டு. சாவி கேட்டால், “பராமரிப்பை உள்ளாட்சிக்கு ஒப்படைச்சாச்சே” என்கிறது வாரியம். “எங்ககிட்ட யாரும் ஒப்படைக்கலையே” என்கிறது உள்ளாட்சி. சுகாதார நிலையத்தில் “காய்ச்சல் எத்தனை நாளா?” என்று கேட்டு பாராசிட்டமால் தருகிறார்கள்.

ஆக, மூன்று அலுவலகத்துக்கும் பொதுவாக வேலை பார்ப்பவர் ஏடிஸ் கொசு அவர்கள் ஒருவரே. வாரியத் தொட்டியில் பிறக்கிறார், உள்ளாட்சித் தெருவில் பறக்கிறார், சுகாதாரத் துறைக் கட்டிலில் ஆளைச் சேர்க்கிறார். எல்லைத் தகராறு இல்லை. கடிப்பதும் பகலில், அதாவது அலுவலக நேரத்தில். முட்டையிலிருந்து பத்து நாளுக்குள் ஆளாகிவிடுகிறார்; எங்கள் மனு அதற்குள் தபால் பிரிவைத் தாண்டுவதில்லை. அவர் இட்ட முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நனைந்ததும் பொரிக்கும். உங்கள் கோப்புகளுக்கு அந்த வரம் இல்லை.

கொசு வளரும் இடத்தின் உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ நோட்டீஸ் தரலாம் என்கிறது 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து லாரியில் ஏற்றிவந்து இந்த வாரியக் குடியிருப்பில் இறக்கப்பட்ட எங்களுக்கு இன்னும் விற்பனைப் பத்திரம் வரவில்லை. உரிமையாளர் நீங்கள், குடியிருப்பவர் நாங்கள். பத்திரத்துக்குத் தெரியாத எங்கள் கதவு எண் நோட்டீஸுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

எதிர்வீட்டுக் குழந்தைக்கு டெங்குவில் தட்டணு இறங்கி, அதன் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே படுத்துக் கிடக்கிறாள். தேவை தொட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைப் போட மூன்று அலுவலகத்திலும் ஒரு மனுஷன் இல்லையா? அந்தத் தண்ணீரை உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்களா? வெட்கமாக இல்லை?

மன்னிக்கவும், ரத்த அழுத்தம். அதற்கு வேறு கவுண்டர் என்று தெரியும்.

உயர்திரு கொசு அவர்களை ஒருங்கிணைப்பு அலுவலராகப் பணி நிரந்தரம் செய்து ஆணையிடுமாறு வேண்டுகிறோம். படி, பயணச் செலவு எதுவும் கேட்க மாட்டார், ரத்தம் எங்களுடையது.

நிதித்துறை ஒப்புக்கொள்ளாவிட்டால், மொட்டைமாடிச் சாவியையாவது எங்களில் ஒருவரிடம் கொடுங்கள். மூடியை நாங்களே வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அபராதம் கட்டிய ரசீது இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி குடியிருப்பவர் (உரிமையாளர் அல்ல)