ஒருத்தி பெற, ஊரே பேச

பிரசவம் ஒரே ஒருத்தி பார்க்கிற வேலை. மேற்பார்வைக்குத்தான் ஆள் பஞ்சமே இல்லை. தமிழ்நாட்டில் இந்த மேற்பார்வை ஸ்கேன் அறை வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று மருத்துவர் வாய் திறக்கக் கூடாது. எதிர்வீட்டுப் பாட்டிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வயிறு முன்தள்ளியிருந்தால் ஒன்று, அகன்றிருந்தால் மற்றொன்று. முகம் பொலிந்தால் ஒன்று, வாடினால் மற்றொன்று. எப்படிச் சொன்னாலும் இரண்டில் ஒன்று பலித்துவிடும். பலிக்காததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்பதால் பாட்டியின் பெயர் கெடுவதே இல்லை.

அடுத்தது தேதி. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணுகிற கணக்கு, ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நேகலேயின் பெயரால் வழங்குகிறது. அந்தத் தேதியிலேயே பிறக்கிற குழந்தைகள் ஏறக்குறைய இருபதில் ஒன்றுதான். ஆனால் மருத்துவர் தேதியை அட்டையில் எழுதிய மறுநிமிடம் அது சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிடுகிறது. வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்து சேர்ந்த பெண்ணுக்கு அந்தத் தேதிக்குப் பிறகு தினமும் போன் வரும். “இன்னும் ஒண்ணும் இல்லையா?” என்ற கேள்வியில், அவள்தான் பிள்ளையைப் பிடித்துவைத்துக்கொண்டு கொடுக்க மறுக்கிறாள் என்கிற தொனி இருக்கும்.

ஒருநாள் நள்ளிரவில் வலி வரும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட முடியாது. அது பிரசவ வலியா, சூட்டு வலியா என்று வீட்டுக்குள் விசாரணை நடந்தாக வேண்டும். சீரகத்தைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். குடித்ததும் அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் நிஜ வலி. மருத்துவ நூல்களில் இந்தப் பொய்வலிக்கு பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்று பெயர். 1872இல் அதை விவரித்து எழுதிய ஆங்கில மருத்துவரின் பெயர் அது. அதற்கு முன் அந்த வலியைப் பட்ட பெண்கள் யார் பெயரும் அதற்கு வைக்கப்படவில்லை.

பிரசவ அறையில் நேரத்தைக் கடிகாரம் காட்டாது, விரல்தான் காட்டும். கருப்பை வாய் பத்து செ.மீ. திறக்க வேண்டும். முதல் பிரசவத்தில் அதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். விடிய விடியக் கத்தி ஓய்ந்தவளிடம் நர்ஸ் வந்து பார்த்து, “ரெண்டு விரல்தாம்மா தொறந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார். இதைவிட மனம் தளரவைக்கிற வாக்கியம் தமிழில் இருப்பதாகத் தெரியவில்லை. இதே நேரத்தில் வெளியே பெஞ்சில் மாமியார் தன் காலத்துப் பிரசவத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்: “நானெல்லாம் நெல்லு புடைச்சுக்கிட்டே இருந்தேன், உள்ள போய்ப் பெத்துட்டு வந்து உலை வச்சேன்.” இந்தக் கதைக்குச் சாட்சி யாரும் இல்லை. உலை வைத்ததைக் கண்ட ஒரே ஆள், அப்போது பிறந்து அரை மணி நேரமான இன்றைய கணவன்தான்.

சிசேரியன் என்றால் கதை வேறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை சிகிச்சைதான். முன்கூட்டியே நாள் குறிக்கலாம் என்றதும் ஜோசியர் உள்ளே வருகிறார். ராகுகாலம், எமகண்டம், ஆகாத நட்சத்திரம் எல்லாம் கழித்து அவர் குறித்துத் தரும் நேரம் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுப்பவர் தூங்குகிற நேரமாக இருக்கும். ஜாதகத்தில் பிள்ளைக்குக் கலெக்டர் யோகம் வந்துவிடும். தாய்க்கு நேரம் எப்படி இருக்கிறது என்று அந்தக் கட்டத்தில் யாரும் பார்ப்பதில்லை. தையல் பிரியாமல் இருமுவது எப்படி என்பதை அவளே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறந்த ஒரு நிமிடத்தில் குழந்தைக்கு முதல் பரீட்சை. 1952இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் வகுத்த முறை இது: இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் எதிர்வினை, நிறம் என ஐந்து பாடம், பாடத்துக்கு இரண்டு மதிப்பெண். ஐந்தாவது நிமிடத்தில் மறுதேர்வும் உண்டு. கைகால் சற்று நீலமாக இருப்பது சகஜம் என்பதால், நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் ஒரு மதிப்பெண் குறையும். பத்துக்கு ஒன்பது வாங்கி, “அந்த ஒண்ணு எங்க போச்சு?” என்று தகப்பன் கேட்கிற வழக்கம் இங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

சீம்பாலைத் தவிர எதுவும் கொடுக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போன பின், தென் மாவட்டங்களில் ரகசியமாகச் சேனை வைப்பார்கள். நாக்கில் இனிப்பைத் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. குடும்பத்திலேயே சாதுவான ஆளைத் தேடிப் பிடித்துத்தான் வைப்பார்கள். பத்து வருடம் கழித்துப் பையன் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்தால், “இவனுக்கு யாரு சேனை வச்சது?” என்று வழக்கு மறுபடி எடுக்கப்படும். ஒன்பது மாதம் சுமந்தவள் குணம் ஏன் வரவில்லை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அப்புறம் பத்தியம். பூண்டு, பிரசவ லேகியம், அசைவம் சாப்பிடுகிற வீடானால் பால் சுறாப் புட்டு. லேகியத்தின் காரத்துக்குத் தண்ணீர் கேட்டால் கிடைக்காது. தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடுமாம். பாலூட்டுகிறவள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பதைப் பாட்டியிடம் படித்துக் காட்டிப் பயனில்லை. “அவளுக்கு என்ன தெரியும், அவ பெத்தவளா?” என்பார். அந்த மருத்துவர் மூன்று பெற்றவராகவும் இருக்கலாம்.

இரண்டாவது பிரசவம் பொதுவாகச் சீக்கிரம் முடிகிறது. உடம்புக்கு வழி தெரிந்திருக்கிறது. ஊருக்கும் ஆர்வம் குறைந்திருக்கும். வளைகாப்பு இல்லை, தினசரி போன் இல்லை, பெஞ்சில் கூட்டமும் இல்லை. மூத்ததற்குச் சோறு ஊட்டி, பள்ளிக்கூடப் பையை எடுத்துவைத்து, கேஸ் சிலிண்டருக்குப் பணம் கொடுத்துவிட்டு அவளே ஆட்டோவில் ஏறுகிறாள். சீரகத் தண்ணீர் விசாரணைக்கு நேரமிருக்காது. சிலர் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் 108 ஆம்புலன்ஸிலேயே பெற்றுவிடுவதும் உண்டு.

மூன்றாவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மேலே சொன்ன கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, இரண்டாவது பிள்ளையே முழுதாகத் தேறவில்லை. இரண்டாவது பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாட்டுப் பேச்சு வரும். மாநிலத்தில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆண்கள் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அவர்களுக்கு அது மிக எளிய சிகிச்சை, அன்றைக்கே வீடு திரும்பலாம் என்று மருத்துவர் விளக்குவார். “அவரு வேலைக்குப் போகணுமே, உடம்பு தாங்காது” என்று அவளுடைய சொந்த அம்மாவே குறுக்கே வந்து சொல்வார்.