வெட்டுக்கிளி மேடவாக்கம் வருமா?

கேள்வி: 'காப்பான்' படத்தில் வந்த மாதிரி வெட்டுக்கிளிப் படை நம் பக்கம் வருமா? மாடித்தோட்டத்தில் நாலு கத்தரிச்செடி வைத்திருக்கிறேன்.
– வாசகி, மேடவாக்கம்

பதில்: நிம்மதியாக எண்ணெய்க் கத்தரிக்காய் செய்யுங்கள். பாலைவன வெட்டுக்கிளி முட்டையிட ஈரமணல் வேண்டும். உங்கள் ஊரில் பில்டர் விட்டுவைத்த மண் ஏது? 2020-ல் இந்தப் படை ராஜஸ்தானையும் மத்தியப் பிரதேசத்தையும் கலங்கடித்தது. ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டம் ஒரே நாளில் 35,000 பேர் சாப்பாட்டைக் காலி செய்யும். அந்தப் பீதி கிருஷ்ணகிரி நேரலகிரி வரை வந்தது. அதிகாரிகள் போய்ப் பார்த்தால், எருக்கஞ்செடியில் உள்ளூர் வெட்டுக்கிளி! பாலைவனத்தானும் தனியாக இருந்தால் பரமசாதுதான். நெருக்கியடித்து, பின்னங்கால்கள் உரச உரசத்தான் நிறமும் குணமும் மாறிக் கூட்டமாகக் கிளம்புவான். சாயங்காலம் கூட்ரோடு சிக்னலில் நிற்கும் உங்களுக்கு இதை நான் விளக்கணுமா?