செலவு முன்னே, கேள்வி பின்னே

குலசேகரன்பட்டினத்துத் தசராவில் ஒரு முறை உண்டு. காளி வேடம் கட்டியவர் வீடு வீடாகக் கையேந்துவார்; சேர்ந்ததைக் கொண்டுபோய் முத்தாரம்மன் உண்டியலில் போடுவார். முதலில் கேட்பது, பிறகு கொடுப்பது. சென்னைக் கோட்டைக்கு இந்த முறை ஒத்துவராது.

அங்கே அவசரம் என்றால் எதிர்பாராச் செலவு நிதியில் கைவைத்துச் செலவை முடித்துவிடலாம். பிறகு நிதியமைச்சர் எழுந்து, எடுத்ததை ஈடுசெய்ய அவையின் ஒப்புதல் கேட்பார். இதுதான் துணை மதிப்பீடு. அரசமைப்பின் 205ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. புதுப்பணிக்குப் பழைய ஒதுக்கீட்டிலேயே பணம் மிஞ்சிக் கிடந்தால், அடையாளத்துக்கு ஆயிரம் ரூபாய் கேட்பார்கள். எங்கள் ஊர்த் தசராக் குழு ஒரே தெருவில் அதைவிடக் கூடுதலாக வசூலித்துவிடும்.

2024 டிசம்பரில் பேரவை கூடியது இரண்டே நாள். டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்த தீர்மானத்தில் அனல் பறந்தது. அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வைத்த துணை மதிப்பீடு சுமார் ரூ. 3,531 கோடி, அதில் அனலும் இல்லை, புகையும் இல்லை. ஏற்போர் 'ஆம்' என்க, மறுப்போர் 'இல்லை' என்க. நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவும் அதே மூச்சில் கரையேறியது.

டெல்லியைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. அங்கே இதே வேலைக்கு 115ஆம் பிரிவு. எங்கள் குலசேகரன்பட்டினக் கடற்கரையில் அமையும் ராக்கெட் தளத்துக்குப் பணம் வருவதும் அந்தக் கல்லாவிலிருந்துதான்.

அடுத்த துணை மதிப்பீடு வரும்போது உங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்த்தால், அந்த மதிப்பீட்டுப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் வரை படித்தார் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.