கடலைப் பாத்த மேசை வேண்டாம், மருமவனே

மருமவனே, கம்பெனி செலவுல சான் பிரான்சிஸ்கோ போறீராமே. ஊர் எப்படி, குளிர் எப்படின்னு கேப்பீருன்னு பாத்தா, "மாமா, அங்க எங்க சாப்பிடலாம்?"னு மட்டும் கேட்டு விட்டிருக்கீரு. நல்ல பிள்ளை. ஆறு மாச விசாவுல போயி அந்த ஊர் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கித் தின்னவன் சொல்லுதேன், கேட்டுக்கிடும். கேக்காட்டியும் ஒண்ணும் குடி முழுகிப் போவாது. உம்மை மாதிரி ஆளுவளை நம்பித்தான் அங்க பாதித் துறைமுகம் ஓடுது.

இறங்கின மறுநாள் நேரா ஃபிஷர்மேன்ஸ் வார்ஃபுக்குத்தான் போவீரு. போம். நடுவுல நண்டு படம் போட்ட பெரிய வட்டப் பலகை ஒண்ணு நிக்கும், அதுக்குக் கீழ நின்னு போட்டோ எடும். அப்புறம் கடல் தெரியுற மேசையாப் பாத்து உக்காரும். ஜன்னலுக்கு ஒரு விலை, நாற்காலிக்கு ஒரு விலை, மிச்சம் மீதி இருந்தா மீனுக்கு. பக்கத்துலயே பியர் 39-ல கடல்சிங்கங்க மிதவைப் பலகை மேல கூட்டங்கூட்டமாப் படுத்துக் கிடக்கும். 1989 பூகம்பத்துக்குப் பின்னால வந்து குடியேறினதுவ. அதுவளும் மீனுக்காகத்தான் வந்ததுவ. அதுல ஒண்ணாவது அந்தக் கடையளுக்குள்ள போயி மெனு கேக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்லும்.

அங்கயே ரொட்டியைக் குடைஞ்சு, உள்ள மட்டிச் சவுடரை ஊத்திக் கொடுப்பான். உருளைக்கிழங்கும் பாலேடும் போட்ட கெட்டிக் கஞ்சி. கஞ்சி சுமார், ஆனா கிண்ணத்தைக் குறை சொல்ல மாட்டேன். அது புளிச்ச மாவு ரொட்டி. பூதான்னு ஒரு ரொட்டிக்கடை 1849-லேருந்து அந்தப் புளிப்பை நம்ம உறைமோர் கணக்கா விடாம எடுத்து வச்சு வாராங்க. 1906-ல பூமி குலுங்கி ஊரே தீப்பிடிச்சப்ப, கடைக்கார அம்மா அந்த மாவை ஒரு வாளியில தூக்கிக்கிட்டு ஓடினாங்கன்னு சொல்லுவாங்க. நகையை எடுக்காம மாவை எடுத்த பொம்பளை. அந்த ரொட்டியை வெறுமனே வாங்கி வெண்ணெய் தடவித் தின்னும். கஞ்சியைக் கூட வந்த மேனேஜருக்கு வாங்கிக் கொடும்.

நண்டு வேணும்னா மாசம் பாத்துப் போவணும். டஞ்சனஸ் நண்டுக்கு முன்னெல்லாம் நவம்பர்ல கூண்டு இறங்கும். இப்பக் கூண்டுக் கயித்துல திமிங்கிலம் மாட்டுதுன்னு வருசா வருசம் தள்ளிப் போடுதாங்க, ஜனவரி கூட ஆவுது. நீரு ஆகஸ்ட்ல போயி "ஃப்ரெஷ் நண்டா?"னு கேட்டா, ஆமாம்னுதான் சொல்லுவான். அவன் பிழைக்க வேண்டாமா?

கடல் சாமான் நிஜமா வேணும்னா கடலுக்கு முதுகைக் காட்டி நடக்கணும். கலிபோர்னியா தெருவுல டாடிச் கிரில். 1849-ல தங்கம் தோண்ட வந்தவனுவளுக்குக் காப்பி விக்க குரோஷியாக்காரங்க போட்ட கூடாரந்தான் அதுக்கு வேரு. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெரிய மனுசனுவ பரிமாறுவாங்க. அவங்க முகத்துல சிரிப்பைத் தேடாதேயும், தட்டைப் பாரும். சியோப்பினோ கேளும். ஜெனோவாவுலேருந்து வந்த மீனவனுவ, வித்தது போவ மிஞ்சின நண்டு, மட்டி, மீன் எல்லாத்தையும் தக்காளியில போட்டுக் கொதிக்க விட்ட குழம்பு. மிஞ்சினதைப் போட்ட குழம்புக்கு இப்ப என்ன விலைன்னு நான் சொல்ல மாட்டேன், நெஞ்சு வலிச்சா எம்மேல பழி. கை வச்சு ஓட்டை உடைக்கணும். கழுத்துல துணி கட்டி விடுவான், வெக்கப்படாதேயும். சின்னப் பிள்ளையில உங்க அம்மை கட்டாததா?

போல்க் தெருவுல ஸ்வான் ஆயிஸ்டர் டிப்போ, 1912-லேருந்து. ஒரே பளிங்கு மேடை, 18 ஸ்டூல், அவ்வளவுதான் கடை. ரொக்கம் மட்டும். மத்தியானம் தாண்டினா மூடிருவான். வரிசையில நிக்கணும். நீரு எங்க ரேஷன் கடை வரிசையிலயே நின்னவரு இல்லை, இங்க நின்னு பழகிக்கிடும்.

சைனாடவுனுக்கு வாரேன், இதை மட்டும் கொஞ்சம் கவனமாக் கேளும். அங்க கிராண்ட் அவென்யூன்னு ஒரு தெரு. அடுக்குக் கூரை, டிராகன் விளக்குக் கம்பம், எல்லாம் இருக்கும். அடடா, சீனாவே இங்கதான்னு நினைப்பீரு. சீனாவுலேருந்து கூலியாளுவ வரக் கூடாதுன்னு 1882-ல சட்டம் போட்ட தேசம் அது. 1906 தீயில அந்தத் தெருவெல்லாம் எரிஞ்சதும், இதுதான் சமயம்னு அவங்களை ஊர் ஓரத்துக்குத் தள்ளிவிடப் பாத்தாங்க. வியாபாரிங்க முந்திக்கிட்டாங்க. வெள்ளைக்கார ஆர்க்கிடெக்டையே கூலிக்குப் பிடிச்சு, வேடிக்கை பாக்க வாரவன் வாயைப் பொளக்குற மாதிரி கோபுரக் கூரை வச்சுக் கட்டிட்டாங்க. கூட்டம் வந்துட்டா எவன் தள்ளுவான்? ஆக அந்தத் தெருவு உம்ம கண்ணுக்காகவே கட்டினது. கண்ணாலயே தின்னுட்டு, ஒரே ஒரு தெரு மேக்க ஏறும்.

அது ஸ்டாக்டன் தெருவு. அந்த ஊர்ல இருக்குற எம்மவ சனிக்கிழமை தோறும் காய் வாங்க அங்கதான் போவா. ரோசாக் கலர் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கிட்டு ஆச்சிமாருவ முழங்கையால இடிச்சுக்கிட்டே முன்னேறுவாங்க. மன்னிப்பெல்லாம் கிடையாது. அவங்க எந்தக் கடை வாசல்ல நிக்காங்களோ, அவங்க முதுகுக்குப் பின்னால போயி நின்னுக்கிடும். உள்ள பேச்செல்லாம் கான்டனீஸ்லதான், நீரு விரலால காட்டினாப் போதும். ஆவியில வெந்த டிம் சம் கொழுக்கட்டையைக் கடைக்காரி அட்டைப் பெட்டியில போட்டுக் கையில திணிச்சிருவா. உக்கார இடம் இல்லை, சிரிப்பு இல்லை, விலையும் அதிகமில்லை. கூகுள்ல ஸ்டார் குறைவா இருக்கும். "பணியாளர் மரியாதையாக நடக்கவில்லை"ன்னு உம்மை மாதிரி ஒருத்தர்தான் எழுதியிருப்பாரு. அதைப் படிச்சாலே நல்ல கடைன்னு தெரிஞ்சுக்கிடலாம்.

ஆரூடச் சீட்டு வச்ச பிஸ்கெட்டை வாங்கி, "சீனப் பாரம்பரியம்"னு ஆபீசுல எல்லாருக்கும் கொடுத்திராதேயும். அது ஜப்பான்காரங்க பண்டம். கோல்டன் கேட் பூங்காவுல இருக்குற ஜப்பான் தேயிலைத் தோட்டத்துல விருந்தாளிக்குக் கொடுத்தது. 1942-ல ஜப்பான்காரங்களையெல்லாம் பிடிச்சு முகாமுல அடைச்சானுவ. வியாபாரம் சீனாக்காரங்க கைக்கு மாறிட்டு.

மிஷன் வட்டாரத்துல புரிட்டோ. பெரிய ரொட்டியில சோறு, மொச்சை, கறி எல்லாம் வச்சுச் சுருட்டி வெள்ளித்தாள்ல பொதிஞ்சு தருவான். 1961-ல நாங்கதான் முதல்லன்னு எல் ஃபாரோ சொல்லும், 1969-ல நாங்கதான்னு லா கும்ப்ரே சொல்லும். பஞ்சாயத்து இன்னும் தீரலை, நீரும் போயித் தீக்க வேண்டாம். 1973-லேருந்து இருக்குற லா டக்கேரியா வச்சதுதான் தனிச் சட்டம், உள்ள சோறே கிடையாது. சமையலுக்குக் கொடுக்குற ஜேம்ஸ் பியர்ட் விருதை 2017-ல வாங்கின கடை. அங்க போயி "கொஞ்சம் ரைஸ்"னு கேட்டு நம்ம மானத்தை வாங்காதேயும். வெள்ளிக்கிழமை சைவம்னு ஒரு வேசம் போடுவீரே, அதுக்கும் ஒரு எச்சரிக்கை. அந்த வட்டாரத்துல சில கடையில மொச்சையைப் பன்னிக் கொழுப்புல வதக்குவான், சோத்தைக் கோழிச் சாறுல வேக வைப்பான். கேட்டா ஒளிக்காமச் சொல்லிருவான். கேக்காம இருந்தீருன்னா உம்ம விரதம் உமக்கும் அவனுக்கும் நடுவுல.

நிஜமாவே சைவம்னா போர்ட் மேசன்ல கிரீன்ஸுன்னு ஒண்ணு. பட்டாளத்துக்காரன் கிட்டங்கியா இருந்த கட்டடத்துல, 1979-ல ஜென் மடத்துக்காரங்க தொடங்கினது. அங்க கடலும் தெரியும், கோல்டன் கேட் பாலமும் தெரியும், சாப்பாடும் நல்லா இருக்கும். என்ன மாமா, கடல் தெரிஞ்சா ஆவாதுன்னீரேன்னு கேப்பீரு. சாமியாரு தொடங்கின கடைக்குச் சட்டம் வேற.

மேக்க கிளெமெண்ட் தெருவுல பர்மாக்காரங்க புளிக்க வச்ச தேயிலையை, வறுத்த பருப்பு, எள்ளு, வேர்க்கடலையோட பிசைஞ்சு தாராங்க. தேயிலையைக் குடிச்சே பழகினவருக்கு மெல்லுறது விசித்திரமா இருக்கும். நாலு வாய் பொறும், அஞ்சாவது வாய்க்குத் தட்டு காலி.

ஒரு வாரத்துல உம்ம நாக்கு செத்துப் போவும், பிரியாணி கேட்டு அழுவீரு. டெண்டர்லாயின் போம். பாகிஸ்தான்காரங்களும் நம்ம வடக்கத்திக்காரங்களும் தந்தூர் போட்டு வச்சிருக்காங்க. பக்கத்துலயே லார்கின் தெருவுல வியட்நாம்காரங்க பான் மீ ரொட்டி, அந்த ஊர் விலைக்கு அது தர்மக் கஞ்சி. நடைபாதையில கூடாரம் போட்டு வீடில்லாதவங்க கிடப்பாங்க. மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டாதேயும். அந்த ஊர் வாடகைக்கு உம்ம சம்பளத்தைக் கணக்குப் போட்டுப் பாத்தா, நீரும் அங்கதான் படுக்கணும்.

கடைசியா பில்லு. மெனுவுல போட்டது வெறும் ஆரம்பம். மேல வரி வரும். சில கடையில நகராட்சிச் சட்டத்துக்குன்னு நூத்துக்கு அஞ்சு ஆறு சேத்திருப்பான். அதுக்கும் மேல டிப்ஸு 18, 20ன்னு மெஷினே கேட்டுக்கிட்டு நிக்கும், கடைப் பிள்ளை நம்ம விரலையே பாப்பா. அந்த நேரம் பாத்து உமக்குப் போன் வரும், வெளிய போயிருவீரு, தெரியும். அதுக்காகச் சொல்லுதேன், போற இடத்துக்கெல்லாம் எம்மருமவன், எம்மவ வீட்டுக்காரனைக் கூட்டிக்கிட்டுப் போம். பில்லு வந்தா அவன் கைதான் முதல்ல நீளும். உம்ம ஜாதகம் பொருந்தலைன்னு நாங்க சொன்னதுக்குக் காரணம் ஜாதகம்னு நினைச்சீராக்கும்?