சேவல் இல்லாத ஊரிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
ஒரு பெற்றோர்,
முட்டைக்கோழிப் பண்ணை,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
சின்னக் குழந்தைகளின் அறிவியல் அறிவை அளக்கும் மேலிடம்,
சென்னை / டெல்லி (பொருந்தாததை அடித்துவிடவும்).

பொருள்: மூன்றாம் வகுப்பு அறிவியலில் என் மகளுக்கு ஒரு மதிப்பெண் குறைத்தது – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

பி.எட். முடித்துவிட்டுக் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை, பி.எட். கல்லூரியும் பண்ணையும் ஒரே ரோட்டில்தான் இருக்கின்றன. அதனால் கற்றல் விளைவு, வளரறி, தொகுத்தறி என்று தாங்கள் எழுதுவது எனக்குக் கொஞ்சம் புரியும். புரிந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

தங்கள் உழைப்பைக் குறைத்துச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தீர்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, அட்டையை எடுத்து, கற்றல் ஏணியில் படிப்படியாக ஏறினார்கள். அவர்கள் உச்சிக்குப் போய்ச் சேருமுன் 2012-13-ல் முப்பருவமும் தொடர் மதிப்பீடும் தந்தீர்கள். நடுநடுவே வைக்கும் வளரறிக்கு 40, பருவக் கடைசியில் வைக்கும் தொகுத்தறிக்கு 60. அன்றிலிருந்து டீச்சர் பிள்ளையைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு பதிவேட்டைப் பார்க்க ஆரம்பித்தார். 2019-ல் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்றீர்கள்; 2020 பிப்ரவரி 4 அன்று வேண்டாம் என்றீர்கள். நடுவில் இருந்த சில மாதம் இங்கே டியூஷன் எடுப்பவர்களுக்கு நல்ல காலம். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்தார்கள். டீச்சர் கையில் பதிவேடு போய், மார்க் ஏற்றும் ஆப்போடு போன் வந்தது. ஔவைப் பாட்டி எண்ணையும் எழுத்தையும் கண்ணுக்குச் சமமாக வைத்தாள். அசல் கண்ணால் பார்த்ததற்கு மார்க் உண்டா என்று மட்டும் அவளும் சொல்லவில்லை, தாங்களும் சொல்லவில்லை.

இத்தனையிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது 2021 நவம்பர் 12. 2020 மார்ச்சில் கொரோனாவால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளை, நவம்பர் 1 அன்று நேராக மூன்றாம் வகுப்புக்குத் திரும்பி வந்தது. 4-ம் தேதி தீபாவளி. பலகாரம் செரிப்பதற்குள் 12-ம் தேதி தேசிய அடைவுத் தேர்வு: மொழி, கணக்கு, சூழ்நிலையியல் எல்லாம் சேர்த்து 90 நிமிடத்தில் 47 கேள்வி. வாசலில் கிடந்த செருப்பில் தன்னுடையது எது என்றே மறந்துபோன பிள்ளையிடம் சூழலைப் பற்றிக் கேட்பதற்குத் தங்களை விட்டால் யாருக்குத் துணிச்சல் வரும்? நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடைகளின் மேல் நாலு சோளத்தை வைத்து என் கோழியைக் கொத்தவிட்டால்கூட நூற்றுக்கு 25 தேறும். அதையும் அடைவு என்றே எழுதிக்கொள்ளலாம்.

பிறகு 2024 டிசம்பர் 4 அன்று நடந்த ‘பரக்’ என்ற தேசியக் கணக்கெடுப்பில் மூன்றாம் வகுப்புக்கு மொழியும் கணக்கும் போதும் என்று விட்டுவிட்டீர்கள். கேட்காத கேள்விக்குத் தப்பான விடை வராது. இந்த ஞானத்துக்குத் தனியாக ஒரு நன்றி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வகுப்புத் தேர்வு ஒன்றில் என் மகளுக்குச் ‘சரியா, தவறா’ கேள்வி. “கோழி முட்டையிலிருந்து குஞ்சு வரும்.” பாப்பா ‘தவறு’ என்று போட்டிருக்கிறாள். போட்டதோடு நிற்காமல் ஓரத்தில் குட்டியாக “சேவல் இல்லை” என்று எழுதியும் வைத்திருக்கிறாள். டீச்சர் அதற்குச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். வீட்டுக்கு வந்ததும் என்னைத்தான் கேட்டாள்: “நம்ம ஷெட்டுல சேவலே இல்லீங்களேப்பா, அப்புறம் எப்படிங்க குஞ்சு வரும்?”

வராது. என் பண்ணையில் கூண்டுக்குள் நிற்பது அத்தனையும் பெட்டை. சேவலைக் கண்ணாலும் பார்க்காமல் முட்டை போடும். அதில் கரு கிடையாது. குஞ்சு வேண்டுமென்றால் ஹேச்சரியிலிருந்து வண்டியில் வரும். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியும். (எங்கள் பக்கத்துப் பள்ளிகளைப் ‘பிராய்லர் பள்ளி’ என்று பேர் வைத்தவர்களுக்குத்தான் தெரியாது. கறிக்கோழிக்குப் பல்லடம் போக வேண்டும். நாமக்கல் முட்டைக்கோழி ஊர்.) கேள்வியும் பொதுவாகச் சரிதான், மறுக்கவில்லை. நாட்டுக்கோழி அடைவைக்கும் வீட்டுப் பிள்ளை ‘சரி’ என்று போட்டால் அதுவும் பார்த்துச் சொன்ன விடை. பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து ‘சரி’ போட்ட பிள்ளையும் இருக்கிறது. இந்த மூன்று பேரில் தங்கள் தாளுக்கு அடையாளம் தெரியாமல் போனது என் மகளை மட்டும்தான்.

சொந்தக்காரர்களிடம் விசாரித்ததில், எங்கள் வம்சமே இப்படித்தான் என்று தெரிகிறது. ராசிபுரத்தில் அண்ணன் மகன் “செடி எதிலிருந்து முளைக்கும்?” என்பதற்குக் ‘குச்சி’ என்று எழுதியிருக்கிறான். அவர்கள் காட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. குச்சியைக் கரணையாக வெட்டித்தான் நடுவார்கள், யாரும் விதை போடுவதில்லை. தப்பு. சேலத்தில் மச்சினர் மகள் “நீரின் நிறம் என்ன?” என்பதற்குக் ‘கறுப்பு’ என்று எழுதிவிட்டாள். அவள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் திருமணிமுத்தாறு தெரியும். சேர்வராயன் மலையில் தெளிவாகப் புறப்படும் ஆறுதான். சேலத்துச் சாக்கடையும் சாயக் கழிவும் சேர்ந்த பிறகு அந்தக் குழந்தை வேறு என்ன எழுதும்? அதுவும் தப்பு. ஆற்றுக்கு யாராவது மார்க் குறைத்தார்களா என்று தெரியவில்லை.

டீச்சரைப் போய்ப் பார்த்தேன். நல்லவர். “பாப்பா சொல்றது எனக்கும் புரியுதுங்க. விடைக்குறிப்புல ‘சரி’ன்னு இருக்குது. போன்ல ஏத்தும்போது ஓரத்துல எழுதினதை ஏத்த இடமே இல்லீங்க” என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே அவரும் நானும் கொஞ்ச நேரம் நின்றோம்.

பி.எட்.டில் உளவியலாளர் பியாஜே எங்களுக்கு முக்கியமான கேள்வி. 1920 வாக்கில் பாரிஸில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் தேர்வு வைத்துத் தரப்படுத்தும் வேலையைத்தான் அவருக்குக் கொடுத்தார்கள். சரியான விடைகளை எண்ணியிருந்தால் சம்பளத்தோடு முடிந்திருக்கும். மனுஷன் தப்பான விடைகளின் பின்னால் போனார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசினார். குழந்தைகளின் சிந்தனையைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம். அந்த நாளில் அவர் கையிலும் ஒரு ஆப் இருந்திருந்தால் உளவியல் பாடம் எங்களுக்குச் சுலபமாகப் போயிருக்கும்.

குறை மட்டுமே சொல்வதாக நினைக்க வேண்டாம். பாப்பாவின் பள்ளியில் அறிவியல் மதிப்பீடு தினமும் நடக்கிறது. தங்களுக்குத் தகவல் வரவில்லை, அவ்வளவுதான். காலையில் சத்துணவு ஆயா வேகவைக்கும் முன் முட்டைகளை ஒரு அன்னக்கூடைத் தண்ணீரில் போடுவார். புது முட்டை அடியில் படுத்துக்கொள்ளும். கொஞ்ச நாளானது அடியிலேயே குத்திட்டு நிற்கும். ரொம்பப் பழசு மேலே மிதக்கும். அதை எடுத்துத் தனியே வைப்பார். ஒரு நாள் சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்து, “இது ஏங்கண்ணு மெதக்குது?” என்று கேட்டிருக்கிறார். ஒருத்தன் “கெட்டுப்போச்சுங்க ஆயா” என்றான். “கெட்டா ஏன் மெதக்கணும்?” பதில் இல்லை. முட்டை வெந்ததும் என் மகள் ஒன்றின் அகலமான பக்கத்தை உரித்து, உள்ளே இருந்த பள்ளத்தைக் காட்டி, “இதுக்குள்ள காத்து. நாளாக ஆகப் பெருசாகும். ஓட்டுல ஓட்டை இருக்குதுங்க, கண்ணுக்குத் தெரியாது” என்றாளாம். “அப்ப நாளைக்குப் புதுசு, பழசு ரெண்டையும் உரிச்சுப் பாத்துருவோம்” என்றார் ஆயா. மறுநாள் பார்த்தார்கள். கேள்வி, ஊகம், சோதனை, எல்லாம் ஒரு கூடைத் தண்ணீரில் முடிந்தது. அந்த அம்மாவைத் தங்கள் வினாத்தாள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம்தான். ஆனால் அவர் கேள்வியோடு விடைக்குறிப்பு அனுப்ப மாட்டார், தங்களுக்குச் சிரமம்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ‘ஏன்?’ என்று அச்சிட்டு ஒரு வரி இடம் விடுங்கள். எழுத வராத பிள்ளையிடம் டீச்சர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அதற்கு அவருக்கு நேரம் வேண்டும். நேரத்துக்குப் போனைக் கொஞ்சம் கீழே வைக்க விட வேண்டும். நிதி இல்லையென்றால் தாளின் ஓரத்தை இன்னும் அரை அங்குலம் அகலமாக்கினாலும் போதும். பாப்பாவுக்கு அவ்வளவு இடமே தாராளம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
ஒரு பெற்றோர்.

இணைப்பு: முட்டை 1 (இன்று காலை என் பண்ணையில் எடுத்தது). 21 நாள் சூட்டில் வைத்து, அவ்வப்போது திருப்பிவிட்டு வரவும். குஞ்சு வந்தால் அந்த ஒரு மதிப்பெண்ணைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் முட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அதற்குள் அது மிதக்கும்.