கொல்லைக் குடியானவர்

புறநகரில் அரை கிரவுண்டு மனையில் (கிரவுண்டு என்பது சென்னை வட்டாரத்தில் 2,400 சதுர அடியைக் குறிக்கும் அளவு) வீடு கட்டி, போர்வெல்லுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் போக எஞ்சிய இடத்தைப் பாட்டன் வழி வந்த நஞ்சையாகவே பாவிக்கும் குடும்பத் தலைவரைக் கொல்லைக் குடியானவர் எனலாம். வாரத்தில் ஐந்து நாள் கணினிக்கு முன் அமரும் இவர், சனிக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டியதும் வானத்தை அண்ணாந்து பார்த்து மழை கணிக்கத் தொடங்குகிறார். முட்டை பிரிட்ஜில் விளைவதன்று என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே தம் நோக்கம் என்பார். பிள்ளைகள் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை.

இவரது கோழி வளர்ப்பு பெரும்பாலும் தெருவில் கூடையோடு வரும் சாயக்குஞ்சுகளில் தொடங்குகிறது. முட்டை ரகக் குஞ்சு பொரிப்பகங்களில் பெட்டைகள் பண்ணைக்குப் போக, இறைச்சிக்கும் இலாபப்படாத சேவற்குஞ்சுகளே பச்சையும் இளஞ்சிவப்புமாய்ச் சாயம் ஏறி மலிவாகத் தெருவுக்கு வருகின்றன என்பது தொழில் அறிந்தோர்க்குத் தெரியும். கொல்லைக் குடியானவர் அவர்களுள் ஒருவர் அல்லர். ஆகவே அவர் ஆறு குஞ்சு வாங்கி, மாதம் எத்தனை முட்டை, எத்தனை ரூபாய் மிச்சம் என்று கணக்கெழுதிக்கொண்டிருக்கையில், தூவி உதிர்ந்து இறகு முளைக்க, சாயமும் உடன் போய்க் குஞ்சுகள் வெள்ளையாகின்றன, “அப்பா, என் பச்சைக்குஞ்சு எங்கே?” என்று இளையவள் அழுகிறாள். பூனைக்கு இரண்டு போக மிஞ்சிய நான்கும் சில மாதங்களில் விடியுமுன்னரே ஒருசேரக் கூவுகின்றன. அப்போது அண்டை வீட்டார் கூறுவன எழுதத் தக்கன அல்ல.

பிறகுதான் நாட்டுக்கோழி வருகிறது. அது பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அதாவது, இடுவதை நிறுத்திவிட்டு இட்டவற்றின்மேல் 21 நாள் அமர்ந்து, அருகே வரும் கையையெல்லாம் கொத்தும். மூத்தவன் குஞ்சு பொரியும் நாளைக் காலண்டரில் வட்டமிட்டுவிடுவதால் ஆம்லெட் திட்டம் கைவிடப்படுகிறது.

கோழி புழுவைத் தின்னும், அதன் எச்சம் எருவாகும், ஆதலால் தோட்டமும் கோழியும் ஒன்றுக்கொன்று துணை என்று இவர் படித்திருக்கிறார். கோழி இதன் முற்பாதியை மட்டும் ஏற்று, புழு உண்டா என்றறிய சிறுகீரைப் பாத்தி முழுவதையும் சீய்த்துப் பார்க்கிறது. மக்காத எச்சம் தழைச்சத்து மிகுதியால் செடியைக் கருக்கிவிடும் என்ற செய்தியோ, கத்தரி நாற்றுகளின் மரணத்தின் வாயிலாக வந்து சேர்கிறது. கோழி விட்டுவைத்ததைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள்: ஆடிப் பட்டத்தில் ஊன்றிய அவரை விதை முளைத்ததா என்று நாள்தோறும் தோண்டி எடுத்து, முளைக்கவில்லை என உறுதிசெய்து, மறுபடி புதைக்கும் அவர்களது ஆராய்ச்சியில் குறை சொல்ல ஏதுமில்லை, விதைக்குத்தான் அவகாசமில்லை.

எனினும் இவ்வீட்டின் மீற முடியாத சட்டம் பெயர் சூட்டுதலில் உள்ளது. பெயர் பெற்ற கோழி குழம்பாகாது. ஆகவே ஞாயிறுதோறும் நான்கு சேவல்களுக்கும் காசு கொடுத்து வாங்கிய கம்பைத் தூவிவிட்டு, கொல்லைக் குடியானவர் கடைக்குப் போய் ஒரு கிலோ பிராய்லர் வாங்குகிறார். திரும்புகையில் கொல்லைப் பக்கம் எட்டிப்பாராமல், பையைத் துண்டால் மூடிக்கொண்டு வாசல் வழியாகவே நுழைவது இவ்வகையினர் அனைவர்க்கும் பொதுவான இயல்பு.